முஸ்-கோல் ஏரியும் அறுந்துபோகும் டிஸ்க்கும்

முஸ்-கோல் மேய்ச்சல் மலை
ஜூன் 24, 2018

ஜானிஷுக்கு,

இங்கே எல்லாரும் நலம். பிஷ்கெக் பஜாரில் கடை வைத்திருப்பவனுக்கு என்ன குறை இருக்கப்போகிறது, அதனால் உன் நலம் கேட்கவில்லை. இரண்டு வருடம் பேசாதிருந்த அண்ணி இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். எழுத எனக்கும் இஷ்டமில்லை. போன வாரம் கிராமத்துக்கு இறங்கியபோது ரஷ்யாவிலிருந்து உன் அண்ணன் போனில், "அவன்கிட்டயே குடு கலிபா, கெட்டுப்போன டிஸ்க்குன்னா அவனை விட்டா ஆள் கிடையாது" என்று சொன்னார். அவர் பேச்சுக்காக எழுதுகிறேன்.

ஏரிக்கரையில் மாவட்ட அலுவலகம் மே முதல் தேதி ஒரு கேமரா வைத்தது. மணிக்கு ஒரு படம். தண்ணீரில் நட்டிருக்கும் அளவுகோலும் படத்தில் விழும், எந்தக் கோடுவரை தண்ணீர் ஏறியிருக்கிறது என்று பார்த்தே சொல்லிவிடலாம். நான் வாரம் இரண்டு தடவை குதிரையில் ஏறிப்போய் கேமராவின் மெமரி அட்டையை எடுத்துவந்து, கூடாரத்தில் அலுவலக லேப்டாப் வழியாக இந்த டிஸ்க்கில் ஏற்றுகிறேன். லேப்டாப்பில் இடமில்லை. அட்டை மூன்று வாரத்தில் நிரம்பி, பழைய படங்களின் மேலேயே எழுத ஆரம்பித்துவிடும். ஆகவே டிஸ்க்கில் ஏறாத படம் போன படம்தான்.

அந்த டிஸ்க் பாதியில் அறுந்துபோகிறது. உள்ளே பல்லைக் கடிப்பது போல டிக் டிக்கென்று சத்தம், பிறகு திரையிலிருந்து காணாமல் போகும், பிறகு தானாக வரும். ஏறிய படங்களில் பல பாதிக்குமேல் சாம்பல் பட்டையாக இருக்கின்றன. கோப்புகளுக்கு நான் வைத்த பெயர் போய் சீன எழுத்து வருகிறது. ஒரு நாள் "பார்மட் செய்யவா?" என்று கேட்டது. எனக்குப் புரியாத கேள்விக்கு நான் ஆமாம் சொல்வதில்லை.

ஜூன் 20 அன்று மாவட்ட அலுவலகத்து இசாபெகோவிடம் கொண்டுபோனேன். "பொம்பளைங்க கூடாரத்துல வச்சா இப்படித்தான் ஆகும். கல்யாண வீடியோ பாக்கிறேன்னு நோண்டியிருப்பீங்க" என்றான். ஆகஸ்ட் 30 அன்று ஏரியைப் பார்வையிடக் குழு வருகிறது. ஏரி எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று படத்தோடு காட்டினால்தான் வடிகால் வெட்டக் கையெழுத்துப் போடுவார்கள். காட்டாவிட்டால் என் ஏரிக் காவல் வேலை போகும், அது போகட்டும். கரை உடைந்தால் கீழே செர்-புலாக்கில் அறுபத்து மூன்று வீடு. அதில் ஒன்று உன் அப்பா கட்டியது.

டிஸ்க்கை ஓஸ்மோன் ஜீப்பில் அனுப்பியிருக்கிறேன். படங்களை மீட்டுக் கொடு. புத்தி மட்டும் சொல்லாதே.

கலிபா


பிஷ்கெக்
ஜூலை 3

அன்புள்ள அண்ணிக்கு,

ஓஸ்மோன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "உங்க அண்ணி மூஞ்சியப் பாக்க முடியல, நீயே படிச்சுக்கோ" என்று நகர்ந்துவிட்டான். படித்தேன். அவன் சொன்னதில் தப்பில்லை.

முதலில் நல்ல செய்தி. டிஸ்க்கை நான் நேரடியாகத் தொடவில்லை. அதிலிருப்பதை அப்படியே வேறு டிஸ்க்கில் நகல் எடுத்து, நகலில்தான் வேலை செய்தேன். கெட்டதை மேலும் கெடுக்கக்கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். மே ஒன்று முதல் ஜூன் 24 வரை 1,320 படம் இருக்கவேண்டும். 1,224 கிடைத்தது. மீதி 96 ஜூன் 9 முதல் 12 வரை, நான்கு முழு நாள். தலைகீழாக நின்று பார்த்துவிட்டேன், வரவில்லை.

அந்த பார்மட் கேள்விக்கு நீங்கள் இல்லை என்று சொன்னதால்தான் இவ்வளவும் மிஞ்சியது. என் கடைக்கு வரும் பெரிய பெரிய டாக்டர்கள்கூட ஆமாம் என்று அழுத்திவிட்டு வந்து அழுவார்கள். இதில் உங்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் ஒன்று. டிஸ்க்கை என் மேஜையில் நான்கு நாள் விடாமல் ஓட்டினேன். ஒரு தடவைகூட அறுபடவில்லை, டிக் டிக் இல்லை. டிஸ்க் நன்றாக இருக்கிறது என்றால் கெட்டது வேறெங்கோ. கோபப்படாதீர்கள், படம் ஏறி முடிவதற்குள் நீங்கள் டிஸ்க்கைப் பிடுங்கிவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். கம்ப்யூட்டரிடம் சொல்லி, அது சரி என்ற பிறகே கழற்றவேண்டும். புத்தி சொல்லவில்லை, தகவல் சொல்கிறேன்.

படங்களை ஒவ்வொன்றாகத் திறந்துதான் சரிபார்த்தேன். விடியற்காலைப் படங்களில் அடிக்கடி ஓரத்தில் ஒரு கையுறை தெரிகிறது. கண்ணாடியில் பிடித்த பனியை யாரோ துடைக்கிறார்கள். அது நீங்கள்தானே? வாரம் இரண்டு நாள் போனால் போதுமே. 1,224 படத்தில் நாற்பத்தொரு விடியலில் அந்தக் கை இருக்கிறது.

ஜானிஷ்


முஸ்-கோல்
ஜூலை 15

ஜானிஷ்,

பிடுங்குகிறேனாம். இருபத்திரண்டு வருடம் பசு கறக்கிறேன், இதுவரை ஒரு மடியைப் பிடுங்கியதில்லை. கம்ப்யூட்டரிடம் சொல்கிறேன், அது சரி என்கிறது, அதற்கு மேலும் நூறு வரை எண்ணுகிறேன், பிறகுதான் கழற்றுகிறேன். நீயும் இசாபெகோவும் ஒரே பள்ளிக்கூடம் போலிருக்கிறது.

என் பேச்சை நம்பவேண்டாம். டிஸ்க் திரும்பி வந்த நாளிலிருந்து எழுதி வைத்திருக்கிறேன். படி.

ஜூலை 5. வெயில். பேட்டரி முழுசு. மூன்று தடவை அறுந்தது. கூடாரத்தில் நான் மட்டும்.
ஜூலை 8. மழை. பேட்டரி முக்கால். ஐந்து தடவை. நானும் மாமாவும்.
ஜூலை 11. வெயில், காற்று. பேட்டரி முழுசு. நான்கு தடவை. நான் மட்டும். அடுப்பு அணைந்திருந்தது.
ஜூலை 13. குளிர். பேட்டரி பாதி. ஒரு தடவைகூட இல்லை. நம் வீட்டுப் பெண் பெர்மெத்தின் மாமியார் வீட்டார் ஏழு பேர் வந்திருந்தார்கள்.
ஜூலை 15. வெயில். பேட்டரி முழுசு. நான்கு தடவை. நான் மட்டும்.

அறுந்தால் முதலிலிருந்து ஏற்றுகிறேன். ஒவ்வொரு படத்தையும் திறந்து பார்த்து, சாம்பல் பட்டை இருந்தால் மறுபடி ஏற்றுகிறேன். அரை மணி வேலைக்கு ஒரு பகல் போகிறது. ஆனால் நீ அனுப்பியதற்குப் பிறகு ஒரு படமும் போகவில்லை.

விடியலில் போவது நான்தான். பனி படிந்தால் அந்த மணிப் படத்தில் அளவுகோல் தெரியாது. தெரியாத படம் எதற்கு?

இதையும் சொல்லிவிடுகிறேன், வயிற்றில் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. இரண்டு வருடம் முன்னால், நான் இந்த ஏரிக் காவல் வேலையில் சேர்ந்த புதிதில், பெர்மெத் கல்யாணத்தில், அதே சம்பந்தி வீட்டார் முன்னால், "ஏரி எங்கயும் ஓடிப்போகாது அண்ணி, அதைப் பாத்துட்டு உக்கார நம்ம வீட்டு நாயே போதும்" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். கூடாரத்துக்குப் பின்னால் போய் அழுதது உனக்குத் தெரியாது.

கலிபா


பிஷ்கெக்
ஜூலை 22

அண்ணிக்கு,

உங்கள் பட்டியலை மூன்று தடவை படித்தேன். பக்கத்துக் கடை மெலிசைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். அவன் போன் ரிப்பேர் செய்கிறவன், யாரையும் மெச்சமாட்டான். "யார்டா இது, எங்க படிச்சாங்க?" என்றான். எட்டாவது என்றேன். "அப்ப படிச்சவனெல்லாம் எதுக்குடா?" என்றான்.

பன்னிரண்டு வருடமாகக் கடை நடத்துகிறேன். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வாசகம்தான் சொல்வார்கள்: "நான் ஒண்ணுமே பண்ணல, தானா போயிடுச்சு." என்றைக்கு, எத்தனை தடவை, அப்போது என்ன இருந்தது, யார் இருந்தார்கள் என்று எழுதிவந்த முதல் ஆள் நீங்கள்தான். பிடுங்குகிறீர்கள் என்று சொன்னதற்கு வெட்கப்படுகிறேன்.

இனி வேலை. வெயில் காரணமில்லை, மழை காரணமில்லை. பேட்டரி முழுசாக இருந்த நாள்களில் அறுந்தது, பாதியாக இருந்த நாளில் அறுபடவில்லை, ஆக அதுவும் இல்லை. ஜூலை 13 மட்டும் தனியாக நிற்கிறது. அன்று மட்டும் டிஸ்க் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது. ஏழு விருந்தாளி வந்ததால் டிஸ்க்குக்கு என்ன ஆனது? யாராவது தொட்டார்களா, எதையாவது நகர்த்தினார்களா?

கூடாரத்துக்குள் எது எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். லேப்டாப், பேட்டரி, டிஸ்க், எல்லாம். சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். எதையும் மாற்றவும் வேண்டாம். ஒரே நேரத்தில் மூன்றை மாற்றினால் எது சரிசெய்தது என்று ஒருநாளும் தெரியாது.

கல்யாண விஷயத்துக்கு நான் பதில் எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். சரியாக எழுத வரும்போது எழுதுகிறேன்.

ஜானிஷ்


முஸ்-கோல்
ஜூலை 30

ஜானிஷ்,

கேட்டாய், எழுதுகிறேன். உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவதை வேவு பார்க்கிறார்.

கூடாரத்து வாசல் கிழக்கே. சோலார் தகடு வெளியே வாசல் பக்கம், அதனால் பேட்டரியும் உள்ளே வாசல் ஓரம். லேப்டாப் அதன் பக்கத்தில், மாவுப் பெட்டியின் மேல். வாசல் ஓரம் என்றால் உனக்குத் தெரியும்: செருப்பு, சேணம், பால் வாளி, மழை பெய்தால் நாய்.

டிஸ்க் அங்கே இல்லை. அது தோரில், வாசலுக்கு நேர் எதிரே விருந்தாளிகளை உட்காரவைக்கும் மேலிடத்தில், மடித்து அடுக்கிய மெத்தைகளின் மேல், வெள்ளைத் துணி விரித்து. மேலே இன்னொரு துணி, தூசி படாமல். லேப்டாப்பிலிருந்து அவ்வளவு தூரம் எட்டவேண்டுமே, அதற்கு நரின் பஜாரில் மூன்று மீட்டர் கேபிள் இரண்டு வாங்கி ஒன்றோடு ஒன்று கோர்த்திருக்கிறேன்.

சிரிக்காதே. அறுபத்து மூன்று வீட்டின் உயிர் அதற்குள் இருக்கிறது. அதைச் செருப்புப் பக்கத்தில் வைப்பேனா? கால்நடையாக வந்த பிச்சைக்காரனைக்கூட நாம் தோரில் உட்காரவைத்துத்தான் தேநீர் கொடுக்கிறோம்.

பதின்மூன்றாம் தேதி சம்பந்தி வீட்டார் வந்ததும் தோர் முழுக்க அவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் டிஸ்க்கை எடுத்துவந்து மாவுப் பெட்டியிலேயே, லேப்டாப்பை ஒட்டி, அதனுடைய குட்டைக் கேபிளில் மாட்டினேன். எனக்கு மனசே இல்லை. அவர்கள் போனதும் முதல் வேலையாகப் பழைய இடத்தில் வைத்தேன்.

மாமா சொல்கிறார்: "எழுது, டிஸ்க்குக்கு நாம ஒரு கொறையும் வைக்கலன்னு எழுது."

கலிபா


பிஷ்கெக்
ஆகஸ்ட் 6

அண்ணிக்கு,

மன்னிக்கவேண்டும், சிரித்தேன். மெலிஸ் ஓடிவந்து "யாருக்கு என்னாச்சு?" என்று கேட்கிற அளவுக்குச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இந்த ஊரில் ஜனங்கள் டிஸ்க்கைச் சாவிக்கொத்தோடு, வெங்காயத்தோடு பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். தங்கள் குழந்தை பிறந்த படமெல்லாம் அதில் இருக்கும். வைத்திருக்கும் பொருளின் மதிப்பு தெரிந்து அதை மேலிடத்தில் உட்காரவைத்தவர் நீங்கள் ஒருவர்தான்.

ஆனால் அந்த மரியாதைதான் அதைப் பட்டினி போட்டது. டிஸ்க்குக்குச் சாப்பாடு கேபிள் வழியாகத்தான் வருகிறது. ஒரு முழக் கேபிளில் முழுசாக வரும். ஆறு மீட்டரில், அதுவும் பஜாரில் கிடைக்கும் மெல்லிய கம்பியில், நடுவில் ஒரு இணைப்போடு, வழியிலேயே பாதி தீர்ந்துவிடும். சும்மா இருக்கும்போது சமாளிக்கும். படம் ஏற்ற ஆரம்பித்ததும் உள்ளே சக்கரம் வேகமாகச் சுற்ற பலம் போதாமல் விழுந்துவிடும். அந்த டிக் டிக் அதுதான், எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் விழுகிற சத்தம். எழுதிக்கொண்டிருக்கும்போதே விழுந்தால் எந்தப் படம் எங்கே என்ற கணக்குக் குழம்பும், பெயரெல்லாம் சீன எழுத்தாகும். போதாக்குறைக்கு மெத்தை மேல் துணி போர்த்தினால் சூடு வேறு.

செய்யவேண்டியது இவ்வளவுதான். நீளக் கேபிள் இரண்டையும் தூக்கிப் போடுங்கள். குட்டையாகத் தடிமனான கேபிள் ஒன்று இத்துடன் அனுப்பியிருக்கிறேன். டிஸ்க் லேப்டாப்பை ஒட்டி, வெறும் பலகை மேல் இருக்கவேண்டும், போர்த்தக்கூடாது. லேப்டாப்புக்குப் போகும் மின்சார வயர் எவ்வளவு நீளமானாலும் பரவாயில்லை. இரண்டும் எந்த இடத்தில் இருக்கவேண்டும் என்பது உங்கள் வீட்டு விஷயம்.

போன 96 படம் பற்றி யாராவது கேட்டால் சொல்லுங்கள்: நீளக் கேபிளால் டிஸ்க் அறுந்து அறுந்து அவற்றில் பாதி கெட்டன. மீதியைக் கெடுத்தது, மாவட்ட அலுவலகத்தில் யாரோ 'சரிசெய்' என்ற பொத்தானை அழுத்தியது. அது படங்களைத் துண்டு துண்டாக வெட்டிப்போட்ட தடம் டிஸ்க்கில் அப்படியே இருக்கிறது, ஜூன் 20, காலை பதினொன்றேகால். கிடைத்த 1,224 படத்தின் நேரத்தையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒன்றிலும் யாரும் கைவைக்கவில்லை.

இப்போது அந்த விஷயம். பெர்மெத் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் முன்னால் நான் சொன்னது தப்பு. நாற்பத்தொரு விடியலில் உங்கள் கையைப் பார்த்தேன் அண்ணி. நாயும் செய்யாது, நானும் செய்யமாட்டேன்.

ஜானிஷ்


முஸ்-கோல்
ஆகஸ்ட் 18

ஜானிஷ்,

கேபிள் வந்தது. பத்து நாளாக ஒரு தடவைகூட அறுபடவில்லை. முதல் நாள் நான் நம்பாமல் பெட்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அரை மணியில் எல்லாம் ஏறிவிட்டது. மிச்சப் பகலில் என்ன செய்வதென்று தெரியாமல் போர்சோக் ரொட்டி சுட்டேன். பாதி உனக்கு அனுப்பியிருக்கிறேன், ஓஸ்மோன் வழியில் தின்னாமல் இருந்தால் வந்து சேரும்.

டிஸ்க்கை வாசல் பக்கம் வைக்க மாமா சம்மதிக்கவில்லை. "எறக்கி வைக்கிறதாவது? ஏத்தி வச்சவங்களை எறக்கின வழக்கம் நம்ம குடும்பத்துல இல்ல" என்றார். அதனால் மின்சார வயரை நீட்டி, லேப்டாப்பையும் தோருக்கே கொண்டுபோய்விட்டேன். அங்கே பலகை போட்டு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

ஆனால் ஏற்றுவதற்கு ஆள் உட்காரவேண்டுமே. மருமகளாக வந்து இருபத்திரண்டு வருடத்தில், மாமனார் இருக்கும்போது நான் தோரில் உட்கார்ந்ததில்லை. முதல் நாள் நின்றுகொண்டே ஏற்றினேன். இரண்டாம் நாள் முட்டி போட்டு. மூன்றாம் நாள் மாமா தன் திண்டை எடுத்துக்கொண்டு இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்தார். "உக்காரும்மா, குனிஞ்சு குனிஞ்சு முதுகு போயிடும்" என்றார். உட்கார்ந்தேன். உட்கார்ந்தே எல்லாப் படத்தையும் ஏற்றினேன், டிஸ்க் அறுபடவில்லை.

உன் கடிதத்தை, அந்தக் கடைசி வரிகளுக்காக மூன்று தடவை படித்தேன். அதை மடித்து ஜாக்கெட் உள்பையில் வைத்திருக்கிறேன். யாருக்கும் காட்டவில்லை.

ஏரி இந்த மாதம் மட்டும் நான்கு கோடு ஏறியிருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

அண்ணி


முஸ்-கோல்
செப்டம்பர் 3

ஜானிஷ்,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், நீ கடையை விட்டுவிட்டுப் படித்துக்கொண்டிருப்பாய். கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். செப்டம்பர் பத்தாம் தேதி வடிகால் வெட்ட இயந்திரம் ஏறுகிறது.

இனி நடந்ததைக் கேள். நீ என்னைத் திட்டவும் வேண்டியிருக்கும்.

ஐந்து பேர் வந்தார்கள். தலைவர் ஒரு அம்மாள், ராய்கான் என்று பெயர், அணைக்கட்டுப் பொறியாளர், அறுபது வயதிருக்கும். இசாபெகோவும் கூட. கிராமத்திலிருந்து இருபது பேர் ஏறி வந்து கூடாரத்தை அடைத்துக்கொண்டார்கள். நான் படங்களை வரிசையாக ஓட்டிக் காட்டினேன். தண்ணீர் கோடு கோடாக ஏறுவது பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. ராய்கான் அம்மாள், "இத்தனை சுத்தமான படம் நான் நாலு மாவட்டத்துல பாத்ததில்லை" என்றார்.

ஜூன் 8 முடிந்ததும் படம் தாவி 13க்குப் போனது. இசாபெகோவ் எழுந்துவிட்டான். "இந்த நாலு நாள் எங்க? தண்ணி எறங்கினதை மறைச்சிருக்கலாமே? நாலு நாள் அழிச்சவங்க நாற்பது நாளை மாத்தியிருக்க மாட்டாங்களா?"

ராய்கான் அம்மாள் என்னைப் பார்த்தார். "காரணம் எழுத்துல ஏதாவது இருக்காம்மா? வாய்ப்பேச்சை நான் கோப்புல வைக்க முடியாது."

எழுத்தில் இருந்தது ஒன்றே ஒன்று. அது என் உள்பையில் இருந்தது. அந்தப் பக்கத்தின் கடைசியில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியும், உன் அப்பாவும் பெர்மெத்தின் மாமியாரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். கிழித்துப் பாதியைக் கொடுக்கலாமா என்று நினைத்தேன். கிழித்த காகிதத்தை யார் நம்புவார்கள்? அறுபத்து மூன்று வீட்டை நினைத்துக்கொண்டு முழுசாக நீட்டிவிட்டேன்.

அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியை ஜீப்பில் விட்டுவிட்டு வந்திருந்தார். "நீங்களே படிங்க" என்று இசாபெகோவிடமே கொடுத்தார்.

அவன் படித்தான். மேலிடத்தில் உட்காரவைத்தது வந்தபோது ஜனம் சிரித்தது. கேபிள் பட்டினி போட்டது வந்தபோது ராய்கான் அம்மாள் தலையாட்டினார். 'சரிசெய்' பொத்தான், ஜூன் 20, பதினொன்றேகால் வந்தபோது அவன் குரல் இறங்கிவிட்டது. "சத்தமா படிங்க" என்றார் அந்த அம்மாள். அவன் கன்னம் சிவந்ததைப் பார்த்து அன்று அழுத்தியது யார் என்று கூடாரத்துக்கே தெரிந்துபோனது. நிறுத்தப் பார்த்தான். "இன்னும் இருக்கே, அதையும் படிங்க" என்றார். அவன் வாயாலேயே கடைசி வரைக்கும் படித்தான்.

யாரும் சிரிக்கவில்லை. பெர்மெத்தின் மாமியார் தலைத்துணி நுனியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உன் அப்பா எழுந்து, "அந்தக் கடைசி ரெண்டு வரியை இன்னொரு தடவை படி" என்றார். இசாபெகோவ் இன்னொரு தடவை படித்தான்.

அதன்பிறகு கையெழுத்துக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

உன் கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். தரமாட்டார்களாம். ஆதாரம் என்று மாவட்ட முத்திரை குத்தி, எண் போட்டு, ஏரியின் கோப்பில் தைத்துவிட்டார்கள். ரசீது கொடுத்தார்கள். அதில் இப்படி இருக்கிறது: "பக்கம் 37. நாயும் செய்யாது, நானும் செய்யமாட்டேன் என முடியும் கடிதம். ஒன்று."

திட்டுவதாக இருந்தால் நேரில் வந்து திட்டு.

அண்ணி